தேயிலைத் தூருக்குக் கீழே

புலம்பெயர்ந்த தமிழராகிய நாம் மண்ணிடம் கேட்கப் பழகியிருக்கும் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு பழசு? 2019இல் கீழடியின் கரித்துண்டு, கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று பதில் சொன்னது. 2025 ஜனவரியில், சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக முதல்வர் அறிவித்தார். ஸ்ட்ராத்ஃபீல்டிலும் ஹோம்புஷிலும் வென்ட்வர்த்வில்லிலும் பிறந்தநாள் விருந்துகளில்கூட இந்த எண்கள் பரிமாறப்படுகின்றன. தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் கீழடி என்ற பெயர் தெரியும். நல்லது. அந்த ஆண்டுக் கணக்குகளோடு எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை அந்தக் கேள்வியோடு. எவ்வளவு பழசு என்று மட்டுமே கேட்பவருக்கு, "அதிகமில்லை, இருநூறு வருடம்தான்" என்று பதில் சொல்லும் மண் ஒரு பொருட்டாகவே தெரியாது. அப்படி நம் கண்ணிலிருந்து நழுவிப்போன மண்தான் இலங்கையின் மலையகம். 2023இல், முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து சேர்ந்த 200 ஆண்டு நினைவாக, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முதல் தலைமுறை கால்நடையாக வந்த அதே வழி. அந்தப் படங்களை நாமும் பகிர்ந்தோம், இதயக்குறி போட்டோம். அந்த 200 ஆண்டு வாழ்வு தோட்டத்து மண்ணிலேயே பதிந்து கிடக்கிறது, அதை வாசிக்க அறிவியல் இருக்கிறது, இப்போது வாசிக்காவிட்டால் பிறகு வாசிக்க ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லும் குரலை நம் மேடைகளில் நான் கேட்டதில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இலங்கையின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டினது. எது தொல்பொருள் என்பதற்கு அது ஒரு தேதியை எல்லையாக வைத்திருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அந்த நாளுக்கு முந்தியது தானாகவே தொல்பொருள் ஆகிவிடும். பிந்தியதை எவராவது தனியாக எடுத்து அறிவித்தால்தான் உண்டு. கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டது 1824இல். ஆக, மலையகத் தமிழரின் முழு வரலாறும் அந்தக் கோட்டுக்கு ஒன்பது ஆண்டு பிந்தி வந்து, வெளியே நின்றுவிட்டது. குடியுரிமைச் சட்டம் 1948இல் அவர்களை நாட்டின் வெளியே நிறுத்தியது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு எட்டு ஆண்டு முன்பே வேறொரு சட்டம் அவர்களைப் பழமைக்கு வெளியே நிறுத்தியிருந்தது என்பதை நாம் பேசுவதில்லை.

ஏன் பேசுவதில்லை? அந்தக் கோடு நமக்கும் வசதியாக இருக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, மண்ணைத் தோண்டுவது நிலத்தைப் பிடிக்கும் வழியாகிவிட்டது என்று சரியாகவே கோபப்பட்டோம். கோபம் சரி. நாம் வைத்த எதிர்வாதம் என்ன? அவர்கள் விகாரையைத் தேடினால் நாம் அதற்கும் முந்திய கோயிலைத் தேடுவோம் என்பதுதான். முந்தியவன் யார் என்ற பந்தயத்தின் விதியை அவர்களிடமிருந்தே கடன் வாங்கி, அதே மைதானத்தில் ஓடினோம். அந்தப் பந்தயத்தில் மலையகத் தமிழருக்கு ஓடுபாதையே கிடையாது. அவர்கள் எப்போது வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கப்பல் பதிவு இருக்கிறது, கங்காணியின் கணக்கு இருக்கிறது. முந்தி வந்தவருக்கே மண் சொந்தம் என்று நாம் வடகிழக்கில் வாதாடும் ஒவ்வொரு தடவையும், பிந்தி வந்தவருக்கு மண் இல்லை என்ற வாதத்தை மலையகத்துக்கு எதிராக நாமே எழுதிக் கொடுக்கிறோம்.

மண்ணிடம் வேறு கேள்வி கேட்கலாம். இங்கே யாரோ சமைத்தார்களா? மாடு கட்டினார்களா? எதை விதைத்தார்கள், எதைத் தின்றார்கள், எந்த நோயில் கிடந்தார்கள்? உலகெங்கும் மலைநிலங்களைப் படிக்கும் ஆய்வாளர்கள் மண்ணிடம் கேட்பவை பெரும்பாலும் இவைதான். மலைகளில் கல்வெட்டும் பெருங்கட்டடமும் குறைவு. சரிவில் வாழ்ந்தவர்கள் மரத்தாலும் மண்ணாலும் ஓலையாலும் வீடு கட்டினார்கள், அவை அழிந்துவிடும். அழியாமல் மிஞ்சுவது அவர்கள் காலடியில் இருந்த மண்.

அது எப்படிப் பேசுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1920களின் பிற்பகுதியில் சுவீடனில் ஓலோஃப் அரேனியஸ் என்பவர் பீற் கிழங்குப் பயிருக்காக மண்ணைச் சோதித்துக்கொண்டு போனார். பழைய ஊர்கள் இருந்த இடங்களில் பொஸ்பரஸ் கூடுதலாக இருப்பதைக் கண்டார். மனிதரும் கால்நடையும் கழிப்பது, சாம்பல், எலும்பு, எச்சில் உணவு எல்லாம் பொஸ்பரஸை மண்ணில் சேர்க்கின்றன. அது இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து, மழை கழுவினாலும் எளிதில் நகராமல் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடக்கும். பிறகு வேறு வழிகளும் வந்தன. மனிதக் கழிவுக்கும் மாட்டுச் சாணத்துக்கும் வெவ்வேறான கொழுப்புச் சேர்மங்கள் மண்ணில் எஞ்சுகின்றன, அவற்றைப் பிரித்தறியலாம். புல்லும் தானியமும் வாழையும் தம் உடலுக்குள் உருவாக்கும் நுண்ணிய சிலிக்காத் துகள்கள், செடி மக்கிய பிறகும் அந்தந்த வடிவத்தோடு கிடக்கின்றன. மண் கட்டியைப் பிசினில் உறையவைத்து, 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சீவி நுண்நோக்கியில் வைத்தால், மெழுகிய தரை எது, மிதிபட்ட முற்றம் எது, கொட்டிய சாம்பல் எது என்று அடுக்கடுக்காகத் தெரியும். ஈரமான சதுப்புகளில் மகரந்தமும் கரித்தூளும் ஆண்டு ஆண்டாகப் படிந்து, சுற்றியிருந்த காடு எப்போது எரிந்தது, எப்போது புல்லானது என்று சொல்லும்.

இவற்றில் எதுவும் தமிழ் பேசாது, சிங்களம் பேசாது. பொஸ்பரஸுக்குத் தாய்மொழி கிடையாது. மண்ணில் இனப்பெருமை தேடுகிறவர் இதனால் ஏமாந்து போவார். நான் இந்தச் சாட்சியை நம்புவதற்கு அதுவே காரணம்.

மலை மண்ணின் சாட்சி அதிகாரத்தின் கதையைப் புரட்டிப் போட்டதற்கு நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. நீலகிரியின் உச்சியில் பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியுமாக இருக்கும். அந்தப் புல்வெளியைப் பயனற்ற நிலம் என்றும், மலைவாசிகள் தீ வைத்தும் எருமை மேய்த்தும் காட்டைக் கெடுத்ததால் வந்தது என்றும் பார்த்த காட்டுத்துறைப் பார்வை ஒன்று நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. வெறும் நிலம்தானே என்று அதில் தேயிலையும், இங்கே அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோன யூகலிப்டஸும் சீகையும் நட்டார்கள். 1993இல் 'நேச்சர்' இதழில் சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோரின் ஆய்வு வந்தது. நீலகிரிச் சதுப்புகளில் அழுகாமல் படிந்திருந்த தாவர மண்ணின் காபனை அளந்தார்கள். மரங்களும் வெப்பநிலப் புற்களும் காபனை வேறு வேறு விதமாக உள்வாங்குவதால், எந்தக் காலத்தில் எது ஓங்கியிருந்தது என்பது அந்த மண்ணிலேயே எழுதியிருக்கும். 20,000 ஆண்டுப் பதிவு கிடைத்தது. பருவநிலை மாற மாறப் புல்லும் காடும் மாறி மாறி ஓங்கியிருந்தன. தோடரின் எருமைகள் மேயத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே புல்வெளி இருந்தது. மலைவாசி காட்டை அழித்த குற்றவாளி என்ற வழக்கு, கைப்பிடி கறுப்பு மண்ணால் ஆட்டம் கண்டது.

அதே நீலகிரிக்குத்தான் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத்தவர்களில் பலரைக் கொண்டுபோய் இறக்கியது. 525,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு தலைவர்கள் எண்ணிக்கை பேசி முடித்தார்கள். வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென 1968இல் தமிழக அரசு அங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கியது. ஒரு மலையில் பரம்பரையாகக் கொழுந்து பறித்தவர்களைப் பிடுங்கி, இன்னொரு மலையில் நட்டார்கள். புல்வெளிக்கு நேர்ந்ததும் மனிதருக்கு நேர்ந்ததும் ஒரே கணக்குத்தான்: அங்கே ஏற்கெனவே வேரோடி இருப்பது எதுவென்று எவரும் பார்க்கவில்லை.

இலங்கை மலையிலும் மண் வாசிக்கப்பட்டிருக்கிறது. 2,100 மீற்றருக்கு மேலே இருக்கும் ஹோட்டன் சமவெளியின் சதுப்பிலிருந்து எடுத்த மண்ணை ரத்னசிறி பிரேமதிலக்கவும் ஸ்டொக்ஹோமின் யான் ரிஸ்பெர்க்கும் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 24,000 ஆண்டு வரலாறு. பனியுகத்தின் இறுதியிலேயே அங்கே மனிதர் காட்டை எரித்ததற்கும் மேய்ச்சலுக்கும், பின்னர் தானியப் பயிருக்கும் தடயம் உண்டு என்று அவர்கள் வாசித்தார்கள். பயிர்ப் புல்லின் மகரந்தத்தைக் காட்டுப் புல்லின் மகரந்தத்திலிருந்து பிரிப்பது கடினம் என்பதால் அந்த வாசிப்பு விவாதத்துக்குரியது. இருக்கட்டும், விவாதிக்கட்டும். என் கேள்வி எளிமையானது: 15,000 ஆண்டுக்கு முந்திய ஒரு கைப்பிடித் தானியத்துக்காக அந்த மலையின் மண்ணை நுண்நோக்கியில் வைக்க முடிகிறது. சற்றுக் கீழே, அதே மலையில், நேற்றுவரை ஒரு தாய் லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த மரக்கறித் தோட்டத்தின் மண்ணை வைக்க ஏன் முடியவில்லை?

இங்கே நாம் இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ராத்ஃபீல்ட் வாங்கல் மக்களின் நிலம். நம் நிலையத்தில் நின்று போகும் நீலமலை ரயிலில் ஏறினால் கட்டூம்பா தாண்டி லித்கோ வரை போகலாம். விருந்தாளி வந்தால் மூன்று சகோதரிகள் பாறையைக் காட்டக் கூட்டிப்போகிறோமே, அந்த மலைதான். அந்தப் பாதையின் மேற்குக் கோடியை அண்டிய டார்கன் பாறைக்குடைவு 1,073 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பனியுகக் குளிரில் மனிதர் அவ்வளவு உயரத்தில் தங்கியிருக்க மாட்டார்கள் என்ற எண்ணம் நிலவியது. அவுஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்களும் அந்த நிலத்தின் முதற்குடி மக்களும் சேர்ந்து குடைவின் தரையை அடுக்கடுக்காகத் தோண்டினார்கள். அடுப்புக் கரியும் 693 கற்கருவிகளும் கிடைத்தன. 20,000 ஆண்டுக்கு முன்பே அங்கே ஆட்கள் வந்து தங்கினார்கள் என்ற முடிவு 2025 ஜூனில் வெளியானது. எவருமில்லாத நிலம் என்று சொல்லிக் குடியேறிய நாட்டில், தரை மண் எழுந்து "இருந்தார்கள்" என்கிறது.

இந்த நாட்டின் உயர்நீதிமன்றம் 1992இல் மாபோ வழக்கில் எவருமில்லாத நிலம் என்ற புனைவைத் தள்ளியது. இலங்கை மலைநாட்டில் அதே புனைவுக்கு வேறு பெயர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியிருப்பில்லாத நிலம் எல்லாம் அரசுடையது என்று அனுமானித்தது; இல்லை என்கிறவர் ஆவணம் காட்ட வேண்டும். கண்டிய விவசாயி காட்டை வெட்டிச் சுட்டுச் சேனைப் பயிர் செய்து, பிறகு நிலத்தை ஆறப்போட்டவர். அவரிடம் ஓலை இல்லை. அவருடைய ஆவணம் மண்ணில் படிந்த கரி. அதை வாசிக்க அன்று அறிவியலும் இல்லை, மனமும் இல்லை. நிலம் துரைமாருக்குப் போனது. அந்த நிலத்தில் வேலை செய்ய நம்மவர் கொண்டுவரப்பட்டார்கள். நிலத்தை இழந்த சிங்களவரும், நிலமின்றி வந்த தமிழரும், ஒரே சட்டத்தின் இரண்டு பக்கம். அந்த மலையின் மண்ணை நேர்மையாக வாசித்தால் மேல் அடுக்கில் ஒருவர், கீழ் அடுக்கில் மற்றவர். ஒருவரை வைத்து மற்றவரை விரட்டும் வேலைக்கு அந்த மண் உதவாது.

இனித் தோட்டத்துக்கு வருவோம். கண்டிச் சீமையில் தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிமார் ஆசைகாட்டி ஆள் சேர்த்தார்கள் என்பது மலையகத்தில் பிள்ளைக்கும் தெரிந்த கதை. வந்தவர்கள் தோண்டினார்கள். ஒன்றுமில்லை. இன்று தோண்டினால் இருக்கும். அவர்களே அங்கே போட்டது இருக்கும்: அடுப்புச் சாம்பல், மாட்டுப்பட்டியின் சாணம், உடைந்த சட்டி, பிள்ளையின் வளையல். தேயிலை மலையிலேயே புதைக்கப்பட்டு, மேலே ஒரு கல்லும் நடப்படாமல் போனவர்களும்.

தோட்டத்தைப் பற்றிக் காகிதம் நிறைய இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எழுதியது யார்? செக்ரோலில் ஆளின் பெயரும் நாளின் கணக்கும் உண்டு; பெரட்டுக் களத்துக்குப் பிந்தி வந்தவருக்கு அரைப்பேர் போட்டதும் உண்டு. அவர் இரவு என்ன சாப்பிட்டார் என்பது இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எத்தனை பேர் படுத்தார்கள், மழைக்காலத்தில் எங்கே சமைத்தார்கள், பின்பக்கத்துச் சாண் நிலத்தில் குரக்கன் போட்டார்களா, வாழை வைத்தார்களா என்பது இல்லை. 1916இல் ரொக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆட்கள் கொக்கிப்புழு ஒழிப்பை இலங்கையில் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கினார்கள். கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறுவது. கூலிகளின் அசுத்தப் பழக்கமே நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. லயத்துக்குக் கக்கூஸ் எந்த ஆண்டு வந்தது, எத்தனை பேருக்கு ஒன்று, வருமுன் எங்கே போனார்கள் என்பதைக் காகிதம் ஒருவிதமாகச் சொல்லலாம். லயத்தைச் சுற்றிய மண்ணில் மனிதக் கழிவின் கொழுப்புத் தடமும், எளிதில் அழியாத சாட்டைப்புழு முட்டையும் எங்கே எவ்வளவு கிடக்கின்றன என்று வரைபடம் போட்டால், அந்தக் காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்யலாம். எழுதத் தெரியாதவர் விட்டுச்சென்ற வாக்குமூலம் அது.

இது கனவு இல்லை. அமெரிக்காவில் தோமஸ் ஜெஃபர்சனின் பொப்லர் ஃபொரஸ்ட் தோட்டத்தில், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் குடியிருப்பு முற்றத்து மண்ணை இரசாயன முறையில் ஆராய்ந்து, வீட்டுக்கு வெளியே அவர்கள் எங்கே என்ன செய்தார்கள் என்று தேடியிருக்கிறார்கள். நம் மக்களும் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கிய மொரிசியசின் அப்பிரவாசி காட் 2006இல் உலக மரபுச் சின்னமானது. அடிமைத்தனத்திலிருந்து ஓடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலை 2008இல் ஆனது. 19ஆம் நூற்றாண்டுக் கூலியின் படிக்கட்டு மொரிசியசில் மரபு. மலையகத்தில் அது தட்டுமுட்டு.

எதிர்வாதங்கள் உண்டு. நேர்மையானவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

தேயிலை மலைக்குப் பல பத்தாண்டுகளாக உரம் கொட்டியிருக்கிறது, அதிலும் பொஸ்பரஸ் உண்டு, எதைப் பிரித்தறிவாய் என்று ஒரு மண்ணியலாளர் கேட்கலாம். சரியான கேள்வி. செடி வரிசைக்கு நடுவே பொஸ்பரஸை மட்டும் நம்ப முடியாது. ஆனால் லயத்துத் தரைக்கும் முற்றத்துக்கும் துரை உரம் போடவில்லை. அங்கேயும் ஒன்றை மட்டும் அளந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. கழிவுக் கொழுப்பு, சாம்பலின் கல்சியம், சிலிக்காத் துகள், சீவிய மண் எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். உரம் போட்ட மண் எப்படி இருக்கும் என்று ஒப்பிட, தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. செடிக்காகத் தோட்டத்து மண்ணைச் சோதிக்கும் பழக்கம் அங்கே ஏற்கெனவே உண்டு. மனிதருக்காகச் சோதிப்பதுதான் இன்னும் தொடங்கவில்லை.

சரிவில் மண் நிற்காது, எல்லாம் கழுவிப் போயிருக்கும் என்பது இரண்டாவது. உண்மைதான். காட்டை வெட்டிக் கோப்பி போட்டு, புல் பூண்டில்லாமல் களையெடுத்த நாளிலிருந்து மேல்மண் வழிந்துகொண்டே இருக்கிறது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு வழிந்தது. ஆனால் போன மண் எங்கோ போய் நின்றிருக்கிறது: பள்ளத்து வயலில், ஓடையின் வளைவில், நீர்த்தேக்கங்களின் அடியில். மலையை மொட்டையடித்த வரலாறு அந்தச் சேற்றின் தடிப்பில் இருக்கிறது. மண் நகர்ந்ததும் ஒரு பதிவுதான்.

மூன்றாவதே கனமானது. அந்த மக்களுக்கு வீடு வேண்டும், காணியுறுதி வேண்டும், சம்பளம் வேண்டும். நீ சிட்னியில் இருந்துகொண்டு மண் பரிசோதனை பேசுகிறாயே என்பது. லயங்களைக் காப்பாற்றி அருங்காட்சியகமாக்கு என்று நான் கேட்கவில்லை. லயம் இடிக்கப்பட வேண்டியது. ஒருநாள்கூடத் தாமதிக்காமல் இடிக்கட்டும். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடு, பிறகு 2017இல் நோர்வூட்டில் வைத்து மேலும் 10,000 வீடு என்று அறிவித்தார்கள். ஏழு பேர்ச்சஸ் காணியோடு வீடுகள் எழுகின்றன. இன்னும் வேகமாக எழட்டும். இடிக்கும் இயந்திரம் வருமுன் அரை நாள் போதும்: தரையில் ஒன்று, முற்றத்தில் ஒன்று, பின்பக்கத்தில் ஒன்றாக மூன்று குழி, அடுக்கு அடுக்காக மண் எடுத்துப் பையில் கட்டி, இடத்தையும் ஆழத்தையும் எழுதி, படமெடுத்து வைத்துவிடலாம். சோதிப்பதைப் பத்து வருடம் கழித்தும் செய்யலாம். எடுக்காத மண்ணைப் பிறகு எடுக்க முடியாது.

அதோடு, வீடும் மண் வாசிப்பும் எதிரெதிர் என்று யார் சொன்னது? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான சரிவு என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்த இடம். பழைய சரிவுகள் மண் அடுக்கில் தடம் விட்டுத்தான் போகின்றன: கற்களும் களிமண்ணும் கலந்து கிடக்கும் குப்பை அடுக்கு, அதற்கடியில் புதையுண்ட பழைய மேல்மண். ஒரு சரிவில் மனிதர் எவ்வளவு காலம் பத்திரமாக வாழ்ந்தார்கள், எப்போது விட்டுப் போனார்கள் என்று வாசிக்கிற அதே குழியில், இங்கே வீடு கட்டலாமா என்ற கேள்விக்கும் பாதிப் பதில் கிடைக்கும். புதிய வீட்டுக்கு அத்திவாரம் எங்கே வெட்டுவது என்பதற்கு இதைவிட அவசரமான அறிவியல் எது?

நாம் வாழும் நியூ சவுத் வேல்ஸில் இது அன்றாட நடைமுறை. 1977இன் மரபுச் சட்டம் மண்படிவையும் மரபின் பகுதியாக எண்ணுகிறது. அனுமதி இல்லாமல் அதைத் தோண்டக் கூடாது. பரமட்டாவில் கோபுரக் கட்டடம் எழுமுன் தொல்லியலாளர் இறங்குகிறார். விலங்கிட்டுக் கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகளின் குடிசைத் தடம் வெளியே வருகிறது. அதைப் பார்த்து எவரும், இருநூறு வருடம்தானே என்று சிரிப்பதில்லை. கைதியின் குடிசைக்கு இங்கே கிடைக்கும் மரியாதை, எந்தக் குற்றமும் செய்யாமல் அடைபட்ட நம் மக்களின் காம்பராவுக்கு அங்கே ஏன் இல்லை என்று கேட்க, நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் தகுதி உண்டு. நாம் இரண்டையும் பார்த்தவர்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை. 1815 என்ற கோடு அகற்றப்பட வேண்டும். நூறாண்டு தாண்டிய எதுவும், எந்த இனத்தவர் விட்டுச்சென்றதும், தானாகவே பாதுகாப்புக்குள் வர வேண்டும். லயம் இடிக்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மண் எடுப்பதற்கான அரை நாள் எழுதப்பட வேண்டும். பேராதனையில் தொல்லியல் துறையும் இருக்கிறது, விவசாய பீடத்தில் மண்ணியலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வராந்தாவைக் கடக்க ஒரு மாணவி வேண்டும். அவள் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவளாக இருக்க வேண்டும். தன் பாட்டியின் அடுப்படி மண்ணைத் தானே எடுத்து, தானே சீவி, தானே வாசித்து, தன் பெயரில் எழுத வேண்டும். ஆராயப்படும் பொருளாக மலையகம் இருந்தது போதும்.

அந்த மாணவிக்கான செலவை நாம் கொடுக்கலாம். நாம் மண்டப வாடகைக்கும் பொன்னாடைக்கும் விமானச் சீட்டுக்கும் ஆகும் பணத்தைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்தவர்கள், கூட்டிப் பாருங்கள். கி.மு. எண் எதையும் அவள் நமக்குத் தரமாட்டாள். விருந்தில் சொல்லிப் பெருமைப்பட அவளுடைய ஆய்வறிக்கையில் ஒன்றும் இருக்காது. இந்த இடத்தில் இந்த ஆண்டுகளில் இத்தனை பேர் வாழ்ந்தார்கள், இதைப் பயிரிட்டார்கள், இப்படி நோயுற்றார்கள், இந்த நிலத்தை இவர்கள்தான் நிலமாக்கினார்கள் என்று எழுதியிருக்கும். ஏழு பேர்ச்சஸுக்கு உறுதி கேட்டு நிற்கும் ஒரு குடும்பத்துக்குக் கீழடியின் எந்தப் பானையோட்டையும்விட அந்தத் தாள் பயன்படும்.